இரத்தம் கேட்கும் கடவுளா?

பாலக்கோடு பக்கமிருந்து ஒருவர் கேட்டிருக்கும் கேள்வியை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். அவருடைய ஊரில் மாரியம்மன் திருவிழாவுக்குக் கிடாய் வெட்டினார்கள். கூட வேலை பார்க்கும் எலத்தகிரிக் கிறிஸ்தவப் பெண்ணுக்குக் கறி கொடுத்தனுப்பினால், "படைத்ததை நாங்கள் சாப்பிடுவதில்லை அண்ணா" என்று திருப்பிக் கொடுத்துவிட்டார். அதே பெண் அழைத்ததால் பெரிய வெள்ளியன்று அவர்களுடைய கோயிலுக்குப் போனபோது, பாட்டிலும் செபத்திலும் இரத்தம், பலி, ஆட்டுக்குட்டி என்ற சொற்களே திரும்பத் திரும்பக் காதில் விழுந்தன. "எங்கள் ஆட்டுப் பலி ஆகாது, ஒரு மனிதனின் பலி மட்டும் எப்படி ஆகிறது? இரத்தத்தைப் பார்க்காமல் மன்னிக்கவே மாட்டாரா இவர்களுடைய கடவுள்? இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன் ஒருவர் செத்ததால் இன்றைக்கு நான் செய்யும் பாவம் எப்படித் தீரும்?" என்று கேட்கிறார்.

கேள்வியில் சூடு இருக்கிறது. அது நியாயமான சூடுதான். ஆடு, கறி, கோயில் எல்லாவற்றையும் விலக்கிவிட்டுப் பார்த்தால் அவர் கேட்பது இதுதான்: மன்னிப்பதற்குக் கடவுளுக்கு ஒரு விலை கொடுக்க வேண்டுமா, அந்த விலையை எனக்காக இன்னொருவர் கொடுக்க முடியுமா? நான் கத்தோலிக்கன், இறையியல் முறையாகப் படித்தவன், தருமபுரி மறைமாவட்டத்துப் பங்குகளில் பல ஆண்டுகளாகப் பெரியவர்களுக்கு மறைக்கல்வி நடத்தி வருகிறேன். ஞானஸ்நானம் பெற்று, பெரிய வெள்ளிதோறும் சிலுவையை முத்தி செய்பவர்களே இதே கேள்வியை என்னிடம் தணிந்த குரலில் கேட்டிருக்கிறார்கள். அம்மன் கோயில் பலியின் பொருளைப் பற்றி நான் பேசப் போவதில்லை. அதை அந்த வழிபாட்டில் ஊறியவர்கள்தான் சொல்ல வேண்டும். கிறிஸ்தவப் பக்கத்தில் உறுதியாகச் சொல்லக்கூடியது எது, சபைக்குச் சபை வேறுபடுவது எது என்பதை மட்டும் என்னால் பிரித்துக் காட்ட முடியும்.

இயேசுவின் மரணத்தைப் பலி என்று சொன்னவர்கள் முதலில் யூதர்கள். எருசலேம் கோயிலில் ஆடும் மாடும் புறாவும் பலியாவதைக் கண்ணால் பார்த்து வளர்ந்தவர்கள். ஆகவே அந்தக் கோயிலில் என்ன நடந்தது என்று தெரியாமல் இவர்களுடைய பேச்சு புரியாது. அவர்களுடைய சட்டநூல்களில் ஒன்றான லேவியராகமத்தின் நான்காம் அதிகாரத்தைத் திறந்தால் அந்தக் காட்சி அப்படியே இருக்கிறது. அறியாமல் பாவம் செய்துவிட்ட சாதாரணக் குடியானவன், பழுதில்லாத ஒரு பெண் வெள்ளாட்டைக் கொண்டுவருகிறான். அதன் தலைமேல் தன் கையை வைக்கிறான். அறுப்பவனும் அவனே, குருவானவர் அல்ல. குரு தம் விரலால் அந்த இரத்தத்தைத் தொட்டுப் பலிபீடத்தின் கொம்புகளில் பூசுகிறார். மீதியைப் பீடத்தின் அடியில் ஊற்றுகிறார். கொழுப்பு எரிக்கப்படுகிறது. நல்லுறவுப் பலி என்ற வேறொரு வகையில், ஆட்டைக் கொடுத்த குடும்பமே கூடியிருந்து அந்தக் கறியை உண்ணும். கிடாய் வெட்டு பார்த்து வளர்ந்தவருக்கு இதில் எதுவும் அந்நியமாக இருக்காது. ஐரோப்பியர் ஒருவர் இந்த அதிகாரத்தைப் படிக்கத் திணறுவார். பென்னாகரத்துக்காரர் திணற மாட்டார்.

ஆனால் கொஞ்சம் நின்று படித்தால், கடவுளுக்கு இரத்தப் பசி என்ற எண்ணத்துக்கு அந்த நூலே இடம் கொடுக்கவில்லை என்று தெரியும். ஆட்டுக்குட்டி வாங்க வசதியில்லாதவன் இரண்டு புறாக்களைக் கொண்டுவரலாம். அதற்கும் வழியில்லாதவன் ஏப்பா என்ற பழைய தானிய அளவில் பத்தில் ஒரு பங்கு மாவைக் கொண்டுவந்தால் போதும். அதுவும் பாவப் பலியாகவே ஏற்றுக்கொள்ளப்படும் என்று ஐந்தாம் அதிகாரம் சொல்கிறது. ஒரு சொட்டு இரத்தமும் இல்லாத பாவப் பலி. இரத்தம் இல்லாமல் மன்னிப்பு இல்லை என்று மேடையில் முழங்குபவர்கள் இந்த ஒரு பிடி மாவை மறந்துவிடுகிறார்கள். குழந்தை இயேசுவைக் கோயிலுக்குக் கொண்டுவந்தபோது மரியாவும் யோசேப்பும் ஏழைகளுக்கான அந்தப் புறாப் பலியைத்தான் கொடுத்தார்கள் என்று லூக்கா எழுதுகிறார்; அது தாய்க்குரிய தூய்மைச் சடங்குக்கானது என்றாலும், ஏழைக்கான சலுகை அதேதான். பதினேழாம் அதிகாரத்தில் இன்னொன்று இருக்கிறது: உயிர் இரத்தத்தில் இருக்கிறது, அதைப் பாவநிவர்த்திக்காக "நான் உங்களுக்குக் கொடுத்திருக்கிறேன்" என்கிறார் கடவுள். கொடுப்பவர் அவர், பெறுபவர்கள் மனிதர்கள். இந்தத் திசை மாற்றத்தை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் எல்லாம் இதைச் சுற்றியே வரும்.

பாவக்கழுவாய் நாளில் நடந்ததும் நம் எதிர்பார்ப்புக்கு மாறானது. இரண்டு வெள்ளாட்டுக் கடாக்களை நிறுத்திச் சீட்டுப் போடுவார்கள். ஒன்று பலியாகும். தலைமைக் குரு மற்றொன்றின் தலையில் இரண்டு கைகளையும் வைத்து, மக்களின் குற்றங்கள் அனைத்தையும் அறிக்கையிட்டு, ஓர் ஆள்வசம் பாலைநிலத்துக்கு ஓட்டிவிடுவார். பழைய தமிழ் வேதாகமம் இதைப் போக்காடு என்கிறது. பாவத்தைச் சுமந்த ஆடு வெட்டப்படவே இல்லை, உயிரோடு போய்விடுகிறது. அப்படியானால் பாவத்துக்குத் தண்டனையாகத்தான் ஆடு செத்தது என்று ஒரே வரியில் சொல்லிவிட முடியாது. தூய்மையாக்குதல், அகற்றுதல், உறவைச் சரிசெய்தல், நன்றி சொல்லுதல் என்று பல பொருள்கள் அந்த வழிபாட்டில் கலந்திருந்தன.

இறைவாக்கினர்கள் இன்னும் கடுமையாகப் பேசினார்கள். "எனக்குப் பசித்தால் உன்னிடமா சொல்வேன்? எருதுகளின் இறைச்சியை நான் உண்பேனோ, ஆட்டுக்கடாக்களின் இரத்தத்தைக் குடிப்பேனோ?" என்று ஐம்பதாம் சங்கீதத்தில் கடவுளே கேட்பதாக வருகிறது. பாலக்கோட்டு நண்பர் கேட்ட கேள்விக்கு இதைவிட நேரான பதில் விவிலியத்தில் இல்லை. என் குற்றத்துக்காக என் தலைப்பிள்ளையைக் கொடுக்கட்டுமா என்று மீக்கா ஒரு குரலை எழுப்பி, நீதியாய் நட, இரக்கத்தை விரும்பு, உன் கடவுளோடு பணிவாய் நட, இவ்வளவே அவர் கேட்பது என்று முடிக்கிறார். பலியை அல்ல, இரக்கத்தையே விரும்புகிறேன் என்ற ஓசேயாவின் வரியை இயேசு இரண்டு முறை எடுத்துச் சொன்னதாக மத்தேயு எழுதியிருக்கிறார். நரபலியை இஸ்ரயேல் அருவருத்தது. ஆபிரகாம் மகன்மேல் கத்தியை ஓங்கியபோது கடவுள் கையைத் தடுத்து, புதரில் கொம்பு சிக்கிய ஆட்டுக்கடாவைக் காட்டினார் என்பதே அவர்கள் பிள்ளைகளுக்குச் சொன்ன கதை. அப்படிப்பட்ட சமூகத்தில் பிறந்தவர்கள், ரோமர்களால் சிலுவையில் அறையப்பட்ட ஒருவரின் மரணத்தைப் பலி என்று சொல்லத் துணிந்தார்கள் என்றால், மனிதனைக் கொன்று கடவுளுக்குப் படைத்ததாக அவர்கள் நினைத்திருக்கவே முடியாது. கொன்றது அநீதி என்றே சுவிசேஷங்கள் நான்கும் சொல்கின்றன. குற்றமில்லாதவர் என்று தெரிந்தே ரோம ஆளுநன் பிலாத்து அவரை ஒப்புக்கொடுத்தான். அந்த அநீதிக்கு நடுவில் இயேசு தம்மையே கொடுத்தார் என்பதுதான் பலி என்ற சொல்லுக்குள் இருக்கும் செய்தி.

இனி, எல்லாச் சபைகளும் ஒப்புக்கொள்வது என்ன என்று பார்ப்போம். கி.பி. 55-ஐ ஒட்டி எழுதப்பட்ட கொரிந்தியருக்கு முதல் கடிதத்தில், தாம் பெற்றுக்கொண்டதையே ஒப்படைப்பதாகச் சொல்லி, "கிறிஸ்து நம் பாவங்களுக்காக இறந்தார்" என்று திருத்தூதர் பவுல் எழுதுகிறார். அவருக்கும் முந்தைய அறிக்கை அது. 325-இல் நிசேயாவிலும் 381-இல் கான்ஸ்டான்டிநோபிளிலும் உருவான விசுவாசப் பிரமாணம், "நமக்காக" அவர் சிலுவையில் அறையப்பட்டார் என்று சொல்லி நின்றுவிடுகிறது. கத்தோலிக்கர், ஆர்த்தடாக்ஸ், லூத்தரன், சி.எஸ்.ஐ. என்ற தென்னிந்தியத் திருச்சபை, பெந்தெகொஸ்தே எல்லோருக்கும் இது பொது. இந்தப் பலி ஒரே ஒரு முறை நடந்தது, இனி எந்த விலங்கும் வேண்டியதில்லை என்பதும் பொது. காளைகள், வெள்ளாட்டுக் கடாக்களின் இரத்தம் பாவங்களைப் போக்க முடியாது என்று எபிரேயருக்கு எழுதிய கடிதம் வெட்டு ஒன்று துண்டு இரண்டாகச் சொல்கிறது. இரத்தம் சிந்துதல் இல்லாமல் மன்னிப்பு இல்லை என்று அடிக்கடி மேற்கோள் காட்டப்படும் வரியும் இதே கடிதத்தில்தான் இருக்கிறது; பழைய சட்டத்தின் முறையை விவரிக்கும் இடத்தில், "ஏறக்குறைய" என்ற சொல்லோடு தொடங்கும் வாக்கியத்தில் அது வருகிறது.

பொதுவானவற்றில் மிக முக்கியமானதைச் சொல்ல நம் மண்ணிலிருந்தே ஒன்றை எடுத்துக்கொள்கிறேன். தருமபுரி அருங்காட்சியகத்தில் நடுகற்கள் இருக்கின்றன. தருமபுரி, கிருஷ்ணகிரி என்ற நம் இரண்டு மாவட்டங்களிலும் வயல் ஓரத்திலும் ஏரிக்கரையிலும் இன்னும் பல நிற்கின்றன. ஒரு கையில் வில்லோ வாளோ ஏந்தி, உடம்பில் அம்பு தைத்த நிலையில் ஒரு வீரன். மேலே வட்டெழுத்தில் அரசனின் ஆட்சியாண்டு. எவர் தொறுக் கொண்ட போது, எவர் தொறு மீட்டுப் பட்டான் என்ற செய்தி. தொறு என்ற மாட்டுக் கூட்டத்தைக் கவர்ந்துபோக வந்தவர்களோடு போரிட்டு ஊருக்காக உயிரைவிட்டவனுக்கு ஊர் எடுத்த கல். ஒருவர் சாவு மற்றவர்களுக்கு வாழ்வாக முடியும் என்பதை இந்த மண்ணுக்கு எந்தப் பாதிரியாரும் வந்து கற்றுக்கொடுக்க வேண்டியிருக்கவில்லை. மறைக்கல்வி வகுப்பில் நான் இதை எடுத்தால் யாரும் விளக்கம் கேட்பதில்லை, உடனே பிடிபட்டுவிடுகிறது. ஆனால் பவுல் இதோடு நிற்கவில்லை. நல்லவர் ஒருவருக்காக யாராவது ஒருவேளை உயிரைக் கொடுக்கத் துணியலாம். நாம் பாவிகளாய், பகைவர்களாய் இருந்தபோதே கிறிஸ்து நமக்காக இறந்தார் என்று ரோமையருக்கு எழுதுகிறார். தொறு மீட்கப் போனவன் தன் ஊருக்காகச் செத்தான். தொறுவைக் கவர வந்தவர்களுக்காகவும் ஒருவர் செத்தார் என்று கிறிஸ்தவர்கள் சொல்கிறார்கள். சிலுவையில் தொங்கிக்கொண்டே, அறைந்தவர்களை மன்னிக்கும்படி அவர் வேண்டியதாக லூக்கா எழுதியிருப்பது இதனால்தான். நீங்கள் கேட்ட பெரிய வெள்ளிப் பாட்டுகள் எல்லாவற்றின் அடியிலும் இந்த வியப்பு இருக்கிறது.

சந்தேகத்துக்குரிய பகுதிக்கு வருகிறேன். அந்த மரணம் எப்படிப் பாவத்தை நீக்குகிறது? இதற்கு எல்லாச் சபைகளும் ஏற்ற ஒரே விளக்கம் கிடையாது. புதிய ஏற்பாடே மீட்புப்பணம், பாஸ்கா ஆடு, பாவப் பலி, பகைவர் ஒப்புரவாதல், தீய சக்திகள்மேல் வெற்றி, வழக்கில் விடுதலை என்று பல படிமங்களைக் கலந்து பேசுகிறது. முதல் நூற்றாண்டுகளில் சிலர், மனிதன் சாத்தானிடம் அடிமையாக இருந்தான், அவனுக்குக் கொடுத்த மீட்புப்பணம்தான் கிறிஸ்து என்றார்கள். நான்காம் நூற்றாண்டில் நாசியான்சு கிரகோரியார் இதைக் கேட்டுச் சீறினார். கொள்ளைக்காரனுக்குக் கடவுளே விலையா? சரி, தந்தைக்குத்தான் கொடுக்கப்பட்டது என்றால், தகப்பனே கொண்டுவந்து நிறுத்திய ஈசாக்கைக்கூட ஏற்காமல் ஆட்டை மாற்றிக் கொடுத்தவர், தம் ஒரே மகனின் இரத்தத்தில் எப்படி மகிழ்வார் என்று கேட்டார். பாலக்கோட்டு நண்பரின் கேள்வியை 1600 ஆண்டுகளுக்கு முன் ஓர் ஆயர், அதுவும் திருச்சபை புனிதராக வணங்கும் ஒருவர், ஈஸ்டர் மறையுரையில் கேட்டிருக்கிறார். கேட்பதில் தப்பே இல்லை. தந்தை அதை ஏற்றது தமக்குத் தேவை என்பதால் அல்ல, மனிதனைக் குணப்படுத்தும் திட்டத்துக்காக என்பது அவர் கண்ட விடை.

அதே நூற்றாண்டின் அலெக்சாந்திரியா ஆயர் அத்தனாசியார் பாவத்தை நோயாகப் பார்த்தார். மனந்திரும்பினால் குற்றம் மன்னிக்கப்படலாம். ஆனால் மனிதனுக்குள் புகுந்துவிட்ட அழிவும் சாவும் அப்படியே இருக்குமே, அதை உள்ளிருந்து முறிக்கவே இறைவார்த்தையாகிய கிறிஸ்து உடலெடுத்துச் சாவுக்குள் இறங்கினார் என்பது அவருடைய வாதம். கிழக்குத் திருச்சபைகள் இன்றும் பெரும்பாலும் இந்த வழியில்தான் சிந்திக்கின்றன. மேற்கே, காண்டர்பரி பேராயர் ஆன்செல்ம் 1098-இல் முடித்த நூலில் வேறு பாதை போட்டார்: பாவம் கடவுளுக்குரிய மாண்பைப் பறிக்கிறது, அதற்கு ஈடு செய்யக் கடமைப்பட்டவன் மனிதன், ஈடு செய்ய வல்லவர் கடவுள் மட்டுமே, ஆகவே கடவுளும் மனிதனுமான ஒருவர் வேண்டும். கத்தோலிக்கத் திருச்சபையிலிருந்து பிரிந்த பதினாறாம் நூற்றாண்டுச் சீர்திருத்தவாதிகள், குறிப்பாகக் கால்வின், இதை நீதிமன்ற மொழிக்குக் கொண்டுபோனார்கள்: நமக்கு வரவேண்டிய தண்டனையை அவர் ஏற்றார். மற்றவர்களின் குற்றங்களுக்காக நொறுக்கப்பட்ட ஊழியனைப் பாடும் ஏசாயா 53-ஆம் அதிகாரம் அவர்களுக்குப் பெரும் ஆதாரம், அதை லேசாக ஒதுக்கிவிட முடியாது. நம் பகுதியில் சுவரில் எழுதியும் ஒலிபெருக்கியில் சொல்லியும் நீங்கள் கேட்டிருப்பது பெரும்பாலும் இந்தக் கடைசி விளக்கத்தைத்தான். கிறிஸ்தவம் முழுவதும் அவ்வளவுதான் என்று வெளியே இருப்பவர்கள் நினைப்பதற்கு அது காரணமாகிவிட்டது.

இரத்தம் சிந்தாமல் மன்னிக்கவே முடியாதா என்ற கேள்விக்குக் கத்தோலிக்க மரபில் தெளிவான பதில் உண்டு. பதின்மூன்றாம் நூற்றாண்டின் இறையியலாளர் தாமஸ் அக்வினாஸ், எந்த ஈடும் இல்லாமல் மனிதனை விடுவிக்கக் கடவுள் விரும்பியிருந்தால் அதில் அநீதி எதுவும் இருந்திருக்காது என்கிறார். ஏனென்றால் அவருக்கு மேலே இன்னொரு நீதிபதி இல்லை. தனக்கு எதிராகச் செய்யப்பட்ட குற்றத்தை ஒருவர் சும்மா மன்னித்தால் அது இரக்கமே தவிர அநீதி ஆகாது. ஊதாரி மகன் உவமையில் அந்தத் தகப்பன் யாரையும் பலியிடவில்லை, ஓடிப்போய்க் கட்டிக்கொண்டான். கொழுத்த கன்றை அடித்தது விருந்துக்கு. ஆகவே சிலுவை கடவுளுக்குக் கட்டாயமாக இருந்தது என்று சொல்ல மாட்டேன். அது அவர் தேர்ந்துகொண்ட வழி.

ஏன் அப்படி ஒரு வழியைத் தேர்ந்தார் என்பதற்கு என் வகுப்புகளில் நான் சொல்லும் விளக்கம் ஒன்று உண்டு; இதைச் சபையின் கோட்பாடு என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். மாந்தோப்பைக் குத்தகைக்கு எடுத்தவன், காய்ப்பு நன்றாக இருந்தும் பணத்தை வேறு வழியில் தொலைத்துவிட்டு வந்து நிற்கிறான். தோப்புக்காரர், "போகட்டும் விடு" என்கிறார். அந்தக் கடன் காற்றில் கரைந்துவிடவில்லை. தோப்புக்காரர் வீட்டில் அந்த ஆண்டு நடக்க வேண்டிய கல்யாணம் தள்ளிப்போகிறது. அடகு வைத்த நகை திரும்பாமல் கிடக்கிறது. மன்னித்தவர் சுமக்கிறார். பாவம் சின்ன விஷயமாக இருந்தால் மன்னிப்பும் இலேசாக இருக்கும். கொலை, துரோகம், ஒரு குழந்தைக்குச் செய்த கொடுமை இவற்றை மன்னிப்பதென்றால் மன்னிப்பவரின் உள்ளே ஏதோ சாகிறது. கடவுள் அப்படிச் சுமந்ததை வரலாற்றில், உடம்பில், எல்லோரும் பார்க்கும்படி காட்டிய இடம் சிலுவை என்று நான் நம்புகிறேன். "கடவுள் கிறிஸ்துவுக்குள் இருந்து உலகைத் தம்மோடு ஒப்புரவாக்கினார்" என்ற பவுலின் வரியை இப்படித்தான் படிக்கிறேன். ஒரு பக்கம் கோபக்காரத் தந்தை, மறுபக்கம் அடிவாங்கும் சாதுவான மகன் என்று பிரித்துச் சொல்லும் பிரசங்கங்கள் எனக்கு மிகுந்த வேதனை தருகின்றன. தந்தையும் மகனும் ஒரே கடவுள், ஒரே விருப்பம் உடையவர்கள் என்பது அடிப்படை விசுவாசம். அதை உடைத்துவிட்டுச் சிலுவையை விளக்கினால் மிஞ்சுவது, வீட்டில் குடித்துவிட்டு வந்து பிள்ளையை அடிக்கும் தகப்பனின் படம்தான். அப்படிப்பட்ட வீட்டிலிருந்து வரும் குழந்தைகள் வகுப்பில் உட்கார்ந்திருக்கும்போது அதை எப்படிச் சொல்வது? கால்வினைக் கவனமாகப் படித்த சி.எஸ்.ஐ. ஆயர்களும் இந்தக் கொச்சைப்படுத்தலை ஏற்பதில்லை.

ஒருவர் பாவத்தை இன்னொருவர் எப்படிச் சுமக்கலாம் என்ற கேள்வி இதைவிடக் கடினம். அவரவர் வினை அவரவர்க்கு என்று கேட்டு வளர்ந்த நமக்கு மட்டும் வரும் தடை இல்லை இது. தகப்பன் குற்றத்தை மகன் சுமப்பதில்லை, பாவம் செய்கிற ஆளே சாவான் என்று எசேக்கியேல் 18-ஆம் அதிகாரம் அடித்துச் சொல்கிறது. ஆகவே குற்றவாளியை விட்டுவிட்டுத் தெருவில் போன நல்லவரைப் பிடித்துத் தூக்கிலிடுவது போன்ற ஏற்பாடு இது என்றால், விவிலியமே அதை எதிர்க்கும். அக்வினாஸ் தரும் பதில், தலையும் உறுப்புகளும் சேர்ந்து ஒரே ஆளைப் போன்றவை என்பது. கிறிஸ்து நமக்கு வெளியே நின்று நமக்குப் பதிலாகச் செத்துவிட்டுப் போன மூன்றாம் ஆள் அல்ல. நம்மைத் தம்மோடு சேர்த்துக்கொண்டவர். ஞானஸ்நானம் பெற்ற நாம் அவருடைய சாவுக்குள் மூழ்கினோம் என்று பவுல் சொல்வதும் இதுதான். எனவே இது தானாக எல்லோர் கணக்கிலும் வரவாகிவிடும் தொகையாகக் கருதப்படுவதில்லை. விசுவாசத்தால் அவரோடு இணைவது, அவருடைய வாழ்வை வாழ்வது என்ற பாதை இருக்கிறது. இந்த இணைப்பு எந்த அளவுக்கு, எப்படிப்பட்டது என்பதில் சபைகள் பிரிகின்றன. கிறிஸ்துவை அறியாதவர்களுக்கு இது எப்படிப் போய்ச் சேரும் என்பதிலும் பிரிகின்றன. கடவுளின் அருள் தம் எல்லைக்கு வெளியேயும் செயல்படும் என்று கத்தோலிக்கத் திருச்சபை இரண்டாம் வத்திக்கான் சங்கம் என்ற ஆயர்கள் பேரவையில் வெளிப்படையாகவே சொல்லியிருக்கிறது.

கறி விஷயத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். சிலைகளுக்குப் படைத்ததை விலக்கும்படி அப்போஸ்தலர் பணிகள் 15-ஆம் அதிகாரத்தில் தொடக்கச் சபை கேட்டுக்கொண்டது. கொரிந்துக்காரர்களுக்குள் இதே சண்டை வந்தபோது பவுல், சந்தையில் விற்பதைக் கேள்வி கேட்காமல் வாங்கிச் சாப்பிடுங்கள், ஆனால் இது படைத்தது என்று ஒருவர் சொல்லிவிட்டால் மனச்சான்றை முன்னிட்டு விட்டுவிடுங்கள் என்றார். ஒரு பலியின் விருந்தில் பங்கெடுப்பது அந்த வழிபாட்டிலேயே பங்கெடுப்பது என்று அவர் எண்ணினார். உங்கள் தோழி திருப்பிக் கொடுத்தது இந்த மரபினால். உங்கள் வீட்டையோ கையையோ அவர் இழிவாக நினைத்தார் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம்.

பெரிய வெள்ளியன்று நீங்கள் பார்த்ததில் ஒன்று உங்களுக்குத் தெரிந்திருக்காது. கத்தோலிக்கக் கோயிலில் அன்றைக்குத் திருப்பலி கிடையாது. பீடத்தில் துணி இல்லை, மெழுகுதிரி இல்லை. யோவான் எழுதிய பாடுகளின் வரலாற்றை வாசித்து, சிலுவையை உயர்த்திக் காட்டி, மக்கள் வரிசையாக வந்து அதன் காலடியை முத்தி செய்வார்கள். வயதானவர்கள் செருப்பைக் கழற்றி, முந்தானையால் அந்த மரத்தைத் துடைத்துவிட்டு முத்தி செய்வதை எங்கள் கிராமங்களில் பார்க்கலாம். மற்ற நாட்களில் பூசை என்றும் திருப்பலி என்றும் சொல்லப்படுவது புதிதாக ஒரு பலி இல்லை. சிலுவையில் ஒரே முறை நடந்த பலி, இரத்தம் சிந்தாத முறையில், அப்பம், திராட்சை இரசம் ஆகியவற்றின் வடிவில் நம் முன் நிகழ்காலமாகிறது என்று 1562-இல் திரெந்து சங்கம் அறிவித்தது. பூசையைப் பலி என்று சொல்வதைச் சீர்திருத்தவாதி லூதர் அதற்கு முன்பே கடுமையாக எதிர்த்திருந்தார். மீண்டும் மீண்டும் பலி கொடுப்பதாகச் சொன்னால் அந்த ஒரே முறை என்பதற்கு என்ன மதிப்பு என்று கேட்டார். அதனால்தான் சீர்திருத்தச் சபைகளில் இது திருவிருந்து. நினைவும் நன்றியும் உறவும் கொண்ட விருந்து. இரு தரப்பும் கடந்த அரை நூற்றாண்டில் பேசிப் பேசி வெகுவாக நெருங்கியிருக்கின்றன. ஆனாலும் கருத்து வேறுபாடு தீரவில்லை. கிருஷ்ணகிரியில் ஒரே தெருவில் இருக்கும் இரண்டு கோயில்களில் நீங்கள் இரண்டு விதமாகக் கேட்டால் அது இதனால்தான்.

கடைசியாக, நீங்கள் எழுதாவிட்டாலும் உங்கள் கேள்விக்குள் இருக்கும் சந்தேகம் ஒன்று: எல்லாவற்றையும் ஒருவர் தீர்த்துவிட்டார் என்றால், இவர்கள் துணிந்து பாவம் செய்யலாமே? பவுல் காலத்திலேயே இதைக் கேட்டார்கள். கூடவே கூடாது என்று அவர் எழுதினார். பழைய சட்டத்திலும் ஒருவன் அடுத்தவன் பொருளை ஏமாற்றிப் பறித்திருந்தால், முதலில் அந்தப் பொருளோடு ஐந்தில் ஒரு பங்கைக் கூட்டி உரியவனிடம் கொடுக்க வேண்டும். அதற்குப் பிறகுதான் ஆட்டுக்கடாவைக் கோயிலுக்குக் கொண்டுபோக முடியும். காணிக்கையைப் பீடத்தின்முன் வைத்துவிட்டு, போய்ச் சகோதரனோடு சமாதானமாகிவிட்டு வா என்று இயேசுவும் சொன்னார். வரி வசூலித்த சக்கேயு அவரைத் தன் வீட்டில் வரவேற்ற அன்றே, ஏமாற்றியதை நான்கு மடங்காகத் திருப்பித் தருவதாக எழுந்து நின்று சொன்னான்.

கத்தோலிக்கர் குருவிடம் போய்ச் செய்யும் பாவசங்கீர்த்தனத்திலும் இதே முறைதான். குரு வழங்கும் மன்னிப்பு பாவத்தைப் போக்குகிறது. பாவம் விளைவித்த கேட்டை எல்லாம் அது சரிசெய்துவிடாது என்று 1992-இல் வெளிவந்த கத்தோலிக்க மறைக்கல்வி நூல் சொல்கிறது. திருடியதைத் திருப்பித் தர வேண்டும், கெடுத்த பெயரை மீட்டுத் தர வேண்டும், காயப்படுத்தியதற்கு ஈடு செய்ய வேண்டும். பக்கத்து நிலத்தின் வரப்பை ஒரு முழம் தள்ளிப் போட்டவர் வந்து அறிக்கையிட்டால், நிலத்தைத் திருப்பிக் கொடுக்க உண்மையான மனம் இருக்கிறதா என்று குரு கேட்க வேண்டும். அந்த மனமே இல்லையென்றால் மன்னிப்பை அறிவிக்க முடியாது. நிலத்துக்குரியவர் இறந்துபோயிருந்தால் வாரிசுகளுக்கும், வாரிசும் இல்லையென்றால் ஏழைகளுக்கும் கொடுக்கச் சொல்வது கத்தோலிக்க ஒழுக்கவியலின் வழக்கம். சீர்திருத்தச் சபைகள் குருவிடம் அறிக்கையிடுவதைக் கட்டாயமாக்கவில்லை. பறித்ததைத் திருப்பிக் கொடுக்க வேண்டும் என்பதில் மட்டும் அவர்களும் இவர்களும் ஒன்றுதான்.